ஆர்க்கிடுகளின் இடுகாடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்ப நாடுகளின் ஆர்க்கிடுகள் கப்பல் கப்பலாக இங்கிலாந்து சென்றன. அங்கே அவற்றைக் காற்றுப் புகாத கண்ணாடி வீடுகளில் புழுங்க விட்டனர். வெப்ப நாட்டுச் செடிக்கு வெப்பம்தானே வேண்டும் என்ற கணக்கு! பெரும்பாலானவை அழுகின. ‘வெப்பமண்டல ஆர்க்கிடுகளின் இடுகாடு’ என்றே அந்நாட்டுக்குப் பெயர் வந்தது.

1830களில் சாட்ஸ்வொர்த் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் வெப்பத்தைக் குறைத்து, காற்றை உள்ளே விட்டார், செடிகள் பிழைத்தன. காரணம் வேரில் உள்ளது. 1795இல் ராக்ஸ்பர்க் தம் சோழமண்டலத் தாவர நூலில் படத்துடன் விவரித்த நம் வாண்டா, மரக்கிளையில் வாழ்வது. அதன் வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறை மழைநீரை உடனே உறிஞ்சும். பிறகு காய வேண்டும். காய்ந்தால் வெண்மை, நனைந்தால் பச்சை.

எனவே தூத்துக்குடியில் புதிதாக ஆர்க்கிடு வாங்குவோர் அதை மண்ணில் நடவேண்டாம். கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போதும். காற்றோடும் நிழலில் தொங்கவிடுங்கள். வேர் வெளுத்த பின்பே, காலையில் நீர் தெளியுங்கள். உவர்நீர் மட்டும் ஆகாது. உப்பளத்தில் நடப்பதே சட்டியிலும் நடக்கும்: நீர் ஆவியாகும், உப்பு தங்கும். அந்த உப்பு வேரிலுள்ள நீரையும் வெளியே இழுத்துவிடும். ஐப்பசி மழையைத் தொட்டியில் பிடித்து வையுங்கள்.