கரும்புக்காட்டிலிருந்து சால்சா வரை

சால்சா என்பது ஆட்டமா, பாட்டா, தொட்டுக்கொள்கிற சட்னியா என்று முதுகலை மாணவி ஒருத்தி கேட்டாள். மூன்றும்தான். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தொக்கு, குழம்பு என்றே பொருள். நம்மில் பலர் சால்சாவைப் பார்த்திருப்பது தொலைக்காட்சி நடனப் போட்டிகளில்தான். பளபளக்கும் உடையில் ஓர் ஆண் ஒரு பெண்ணைப் பம்பரம்போலச் சுழற்றிவிடுவான், நடுவர்கள் கைதட்டுவார்கள். அந்தச் சுழற்சிக்குப் பின்னால் கரும்பு இருக்கிறது என்று சொன்னால் நம்புவது கடினம்.

கரும்பைப் பற்றி விக்கிரவாண்டிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அரவைக் காலத்தில் முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் பேருந்து ஊர்ந்து போவது நமக்குப் பழக்கம். கரணை வெட்டுவது, சோகை உரிப்பது, வெட்டிய கரும்பைக் கட்டுக் கட்டித் தலையில் சுமந்து வண்டிக்குக் கொண்டுவருவது என்று பெண்கள் செய்யும் வேலையும் தெரியும். கூலி பேசும்போது வெட்டு ஆளின் பெயர் முன்னால் வரும், அவன் மனைவியின் உழைப்பு அதற்குள் அடங்கிவிடும் என்பதும் தெரியும். இந்தப் பயிரைக் கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில், 1493இல், கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுபோனார். 1791இல் ஹைட்டியின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து அங்கிருந்த தோட்டங்களைத் தீக்கிரையாக்கியபோது, உலகச் சர்க்கரைச் சந்தையில் விழுந்த இடைவெளியைப் பிடிக்கக் கியூபாவின் தோட்ட முதலாளிகள் பாய்ந்தார்கள். அதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். மொத்தத்தில் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் அந்த ஒரு தீவுக்கு மட்டும் வந்து சேர்ந்தார்கள். அடிமை முறை அங்கே ஒழிந்தது 1886இல்தான். ஆள் போதாமல் 1847 முதல் சீனர்களையும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள்.

நம்மவர்கள் கியூபாவுக்குப் போகவில்லை, அதற்குக் கிழக்கே உள்ள தீவுகளுக்குப் போனார்கள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை 1848இல் முடிந்தபின், இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. 1853இல் மர்த்தினிக்கிலும் அடுத்த ஆண்டு குவாதலூப்பிலும் கூலிகள் இறங்கினார்கள். இன்றும் அங்கே மாரியம்மன் கோயில்களும் மதுரைவீரனும் உண்டு. நாம் பீஜியையும் இலங்கையையும் நினைவில் வைத்த அளவு இந்தத் தீவுகளை வைக்கவில்லை.

கியூபாவின் தோட்டங்களில் ஓய்வு நாள் என்று கிடைத்த சொற்பப் பொழுதில் மேளம் எழுந்தது. ஆண்டைகள் கொடுத்த கத்தோலிக்கப் புனிதர்களின் உருவத்துக்குப் பின்னால் அடிமைகள் தங்கள் யொரூபா தெய்வங்களை ஒளித்துவைத்துக் கும்பிட்டார்கள். புனித பார்பரா என்று வெளியே தெரிந்தது உள்ளே இடியின் தெய்வமான சாங்கோ. அந்தத் தெய்வங்களை அழைப்பது பத்தா என்னும் மூன்று மேளங்கள். மூன்றில் பெரியதன் பெயர் ‘இயா’. யொரூபா மொழியில் இயா என்றால் அம்மா. தெய்வம் ஏற்றிய அந்த அம்மா மேளத்தைப் பெண் தொடக்கூடாது. மாதவிலக்குத்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை; அம்மன் சன்னிதியில் அம்மாக்களுக்கு என்ன இடம் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

சால்சாவைப் புரிந்துகொள்ள ஆட்டத்தைவிடத் தாளத்தைப் பிடிப்பது எளிது. கோலாட்டக் கழியைவிடக் கட்டையான, குட்டையான இரண்டு மரக்குச்சிகள், பெயர் கிளாவே. ஹவானா துறைமுகத்தில் கப்பல் கட்டப் பயன்பட்ட மர ஆணிகளே வாத்தியமாயின என்று சொல்வார்கள். இதைப் படிக்கும்போதே தட்டிப் பாருங்கள்: தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் ஒரு தட்டு. பதினாறு மாத்திரைகளுக்குள் ஐந்து தட்டுகள். முதல் பாதியில் மூன்று நெருக்கிவரும், அடுத்த பாதியில் இரண்டு நிதானமாக விழும். நான்கு முறை சுற்றினால் கை தானாகப் பிடித்துக்கொள்ளும். பித்தளை ஊதுகுழல்கள், பியானோ, காங்கா மேளம் எல்லாம் இந்த ஐந்து தட்டுக்குக் கட்டுப்பட்டவை. கால் எட்டு எண்ணுக்கு நடக்கிறது: மூன்று அடி, ஒரு நிறுத்தம், மீண்டும் மூன்று அடி, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் இடுப்பு பேசுகிறது. கும்மியில் குனிந்து நிமிர்ந்தவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்காது.

மத்தான்சாஸ், ஹவானா நகரங்களின் முற்றங்களில் ரும்பா பிறந்தது. அதன் ஒரு வகையான குவாகுவாங்கோவில் ஆண் பெண்ணை நெருங்கி, இடுப்பை வெட்டியோ கையை, காலை வீசியோ அவளை ‘பிடித்துவிட்டதாக’க் காட்ட முயல்வான். அவள் பாவாடையால் சட்டென்று மறைத்துத் தப்பிப்பாள். சேவலும் கோழியும் என்று ரசிப்பார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாக ரசிக்கும்படி இல்லை. தோட்டத்தில் உடல் தன்னுடையதாக இல்லாத ஒரு பெண்ணின் கொள்ளுப்பேத்தி, ஆட்டத்திலாவது ஒவ்வொரு முறையும் தப்பித்துக்காட்டுகிறாள் என்று பார்க்கத் தோன்றுகிறது. இன்னொரு வகையான கொலும்பியாவை நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே தனியாக ஆடினார்கள்.

கியூபாவின் கிழக்கு மலைப்பகுதியில் ஸ்பானியக் கிதாரும் ஆப்பிரிக்க மேளமும் கலந்து உருவான ‘சோன்’ இசைதான் சால்சாவின் நேரடித் தாய். அதை வாசித்தவர்கள் ஆண்கள். 1932இல், மச்சாதோ சர்வாதிகார ஆட்சியில் பல்கலைக்கழகம் மூடப்பட்டுக் கிடந்தபோது, பல் மருத்துவ மாணவியான கொன்செப்சியோன் காஸ்த்ரோ தன் சகோதரிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சோன் குழு தொடங்கினார். படிப்பு நின்றதால் பிறந்த குழு. பின்னாளில் பதினொரு சகோதரிகளும் அதில் வாசித்தார்கள்: எக்காளம், சாக்ஸபோன், பொங்கோ எல்லாவற்றையும். குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் அனகாவோனா; ஸ்பானியர்கள் தூக்கிலிட்ட, பக்கத்து ஹிஸ்பானியோலா தீவின் பூர்வகுடித் தலைவி ஒருத்தியின் பெயர். தற்செயலாக அமையக்கூடிய பெயர் அல்ல அது. இந்தக் குழுவில் பாடிய கிராசியேலா 1943இல் நியூயார்க் போனார். அவருடைய வளர்ப்பு அண்ணன் மச்சீத்தோவை ராணுவத்துக்கு அழைத்துவிட்டார்கள். அவர் நடத்திய பெரிய இசைக்குழுவின் முன்னால் நின்று பாட ஆள் வேண்டியிருந்தது.

அந்த நியூயார்க்கில்தான் சால்சா என்ற பெயர் ஒட்டியது. கியூபர்களும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த நகரம் அது. 1964இல் டொமினிக்கன் இசைக்கலைஞர் ஜானி பச்சேக்கோவும் வழக்கறிஞர் ஜெர்ரி மசூச்சியும் ஃபானியா என்ற பதிவு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 70களில் அவர்கள் சோன், மாம்போ, குவாராச்சா எல்லாவற்றையும் சால்சா என்ற ஒரே பெயரில் விற்றார்கள். சால்சா சாப்பிடுகிற பொருள் என்று மூத்த கலைஞர் தீத்தோ புவெந்தே கேலி செய்வார். சந்தைக்குப் பெயர் மாற்றுவது நமக்கும் தெரிந்த கதை. 1930களில் சதிர் பரதநாட்டியமானது. பெயரோடு சேர்த்து ஆடியவர்களும் மாற்றப்பட்டார்கள். சால்சாவில் ஆடுபவர்களை முழுக்க மாற்ற முடியவில்லை. பெண்களுக்கு இடம்தான் குறைவாக இருந்தது.

செலியா குரூஸ் ஹவானாவின் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் 1925இல் பிறந்தவர். மகள் ஆசிரியை ஆகவேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். பாடகி என்றால் கெட்டபெயர். ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது, ஆசிரியருக்கு ஒரு மாதத்தில் கிடைப்பதை நீ ஒரு நாளில் பாடிச் சம்பாதிப்பாய் என்று ஓர் ஆசிரியரே சொல்லி அனுப்பினார். (நம் கௌரவ விரிவுரையாளர்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும்.) 1950இல் சொனோரா மத்தான்செரா குழுவில் சேர்ந்தார். பெண் பாடும் ரும்பா விற்காது என்று பதிவு நிறுவனத்தார் தயங்கினார்கள், விற்றது. புரட்சிக்குப்பின் 1960 ஜூலையில் குழுவோடு மெக்சிகோ போனவர் கியூபாவில் வாழத் திரும்பவே இல்லை. 1962இல் அம்மா இறந்தபோது அடக்கத்துக்கு வரக்கூட அரசு அனுமதிக்கவில்லை. மேடையில் அவர் எழுப்பும் முழக்கம் ஒரே சொல்: ‘அசூகார்!’ சர்க்கரை என்று பொருள். மயாமி உணவகம் ஒன்றில் காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று பணியாளர் கேட்டதில் தொடங்கிய வேடிக்கை அது என்று அவரே சொல்லியிருக்கிறார். வடமொழியின் சர்க்கரா, பாரசீகம் வழியாக அரபுக்குப் போய், அங்கிருந்து ஸ்பெயினில் அசூகார் ஆனது. நாம் சர்க்கரை என்பதும் அதே சொல்லைத்தான். கரும்புக்காட்டு அடிமைகளின் வழிவந்த ஒரு கறுப்பினப் பெண் உலக மேடைகளில் அதை உரக்கக் கத்தும்போது, காப்பிக் கதை மட்டும் எனக்குப் போதவில்லை.

செலியாவைக் கொண்டாடுகிறவர்கள் லா லூப்பேயை மறந்துவிடுவார்கள். அவரும் கியூபர், அவரும் கறுப்பினக் கலப்பில் பிறந்தவர், ஒருகாலத்தில் ஆசிரியை. மேடையில் செருப்பைக் கழற்றி வீசுவார், நகைகளைப் பிடுங்கி எறிவார், அழுவார், சிரிப்பார். 60களில் புவெந்தேயோடு பாடிப் புகழின் உச்சிக்குப் போனார். அவருடைய பதிவு நிறுவனம் 70களில் ஃபானியாவின் கைக்குப் போனது. ஃபானியா முன்னிறுத்திய ‘ராணி’ செலியா. லா லூப்பே ஓரங்கட்டப்பட்டு, வறுமையில் வாடி, 1992இல் பிராங்ஸில் இறந்தார். அத்தனை ஆண் நட்சத்திரங்களுக்கு இடமிருந்த நிறுவனத்தில் இரண்டு பெண்களுக்கு இடமில்லை. அடங்கி நின்றவருக்கு மகுடம், அடங்காதவருக்குப் பைத்தியக்காரி என்ற பெயர். செலியாவைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை, தேர்ந்தெடுத்தவர் அவரல்ல.

இன்று சென்னையிலும் பெங்களூரிலும் நடக்கும் சால்சா வகுப்புகளில் முதல் நாள் சொல்லித்தரும் விதி, ஆண் நடத்துவான், பெண் தொடர்வாள் என்பது. திருப்பம் எப்போது என்பதை அவன் கை முடிவுசெய்யும். அதை மாற்றி இரு பாத்திரங்களையும் எல்லோருக்கும் கற்றுத்தரும் ஆசிரியர்களும் இப்போது உண்டு. ஆனால் எவ்வளவு மாற்றினாலும் அது ஆட்டக்களத்தின் விதி மட்டும்தான். மேளம் வேறு களம்.

1993இல் ஹவானாவில் சில பெண்கள் ஒபினி பத்தா என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஒபினி என்றால் பெண். பத்தாவைக் கையில் எடுத்து மேடையில் வாசித்தார்கள். தடையைச் சொல்லி எதிர்ப்பு வந்தது, அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். சாவு வீட்டு மேளம், ஆண்களின் மேளம் என்ற இரண்டு இழிவையும் ஒரே அடியில் அடித்தார்கள். இப்போது கல்லூரி விழாக்களில் மாணவிகள் பறை அடிப்பது சாதாரணமாகிவிட்டது. ஹவானாவில் ஒபினி பத்தாவின் பெண்கள் வாசிப்பது தெய்வம் ஏற்றாத மேளங்களை. தெய்வம் ஏற்றிய இயாவின் முன்னால் பெரும்பாலும் இன்றும் ஆண்களே உட்கார்ந்திருக்கிறார்கள்.