மாந்தையில் ஓடு கழுவியவர்கள்

கனடாவில் பிறந்து, அங்கேயே பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் என் அக்காவின் பேத்தி சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தாள். கோடை விடுமுறையில் ஐரோப்பாவில் ஓர் உரோமானிய ஊரின் அகழ்வாய்வில் ஆறு வாரப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். சம்பளம் இல்லை. உணவும் உறைவிடமும் மட்டும். "தாத்தா, போன வருஷம் போய் வந்தவர்களிடம் விசாரித்தேன். முதல் மூன்று வாரமும் வாளித் தண்ணீரில் ஓட்டுத்துண்டுகளைக் கழுவத்தான் விடுவார்களாம். இதற்காகவா அவ்வளவு தூரம் போவது?" என்று கேட்டாள்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஓட்டுத்துண்டு என்றதும் மாந்தை மேடும், அங்கே நான் செய்த ஒரு பிழையும் நினைவுக்கு வந்துவிட்டன.

1980களின் தொடக்கம். நான் அப்போது ஒரு நாளிதழில் பயிலுநர் என்ற நிலையை முற்றாகத் தாண்டியிராத செய்தியாளன். திருக்கேதீஸ்வரக் கோயிலுக்கு அருகே வெள்ளைக்காரர்கள் நிலத்தைத் தோண்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலப்பரப்புக்கு வந்தால், பாலாவியையும் கோயிலையும் சூழ்ந்து கிடக்கும் மேடுதான் மாந்தை. பழைய பெயர் மாதோட்டம். சிங்கள நூல்களில் மகாதித்த. குதிரை லாட வடிவிலான அந்த மேட்டைச் சுற்றி இரட்டை அகழிகளின் தடத்தை இன்றும் காணலாம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். இராசராசன் காலத்தில் இராசராசபுரம் என்ற மறுபெயரும் இதற்கு இருந்தது. தாழி குமரன் என்ற சோழ அதிகாரி இங்கே இராசராசேஸ்வரம் என்றொரு கோயிலை எழுப்பியதைச் சொல்லும் கல்வெட்டு கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குழியின் விளிம்பில் ஓர் இளைஞர் குந்தியிருந்து, பல் துலக்கும் பிரஷினால் ஓடுகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கேட்ட முதல் கேள்வி, "தங்கம் ஏதும் கிடைத்ததா?" என்பது. அவர் சிரித்துவிட்டு, நீலப்பச்சை மெருகு கொண்ட ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். "இது பாரசீக வளைகுடாப் பக்கமிருந்து வந்தது" என்றார். ஒவ்வொரு துண்டிலும் மையினால் பொடி எழுத்தில் ஏதோ இலக்கம் எழுதப்பட்டிருந்தது. அது என்னவென்று நான் கேட்கவில்லை. செய்தியில்லாமல் திரும்பிவிட்டேன். கேட்டிருந்தால் என் வாழ்நாளின் மிக நல்ல செய்திகளில் ஒன்று கிடைத்திருக்கும்.

அந்த இலக்கம் எதற்காக? இதைச் சொல்ல, வாசகர்களை மாந்தையிலிருந்து சற்றுத் தொலைவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

1930களின் முற்பகுதியில், இங்கிலாந்தில் வெருலேமியம் என்ற உரோமானிய நகரை மோர்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸாவும் கோடைதோறும் தோண்டினார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் மாணவர்களும் ஆர்வலர்களுமே. அவர்களுள் ஒருவர் கத்லீன் கென்யன் என்ற இளம்பெண். நிலத்தைக் கிணறு வெட்டுவது போலத் தோண்டிப் பொருளை மட்டும் பொறுக்குவதை வீலர் தம்பதியினர் ஏற்கவில்லை. மண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது, ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலம், எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்று எழுதி வைக்காவிட்டால் அந்தப் பொருளுக்கு வாயில்லை என்பதே அவர்கள் கற்பித்த பாடம். ஓட்டின் மேல் எழுதிய இலக்கம் அந்த அடுக்கின் முகவரி. கென்யன் அதை ஆறு கோடைகளில் கற்றுக்கொண்டார். இன்று உலகெங்கும் வீலர்-கென்யன் முறை என்று இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். கோடையில் உதவிக்குப் போன பயிலுநரின் பெயர் ஆசிரியரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது வேறெங்கும் எளிதில் நடக்காத காரியம்.

வீலர் பின்பு இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைக்கு வந்தார். 1944இல் தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த சுமார் 60 பேரை மண் அடுக்குகளைப் படிக்கப் பழக்கினார். பின்னாளில் புகழ்பெற்ற பி.பி. லால் அவர்களுள் ஒருவர். அதே 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு மதுச்சாடியின் உடைந்த பகுதியைக் கண்டு, அது அரிக்கமேட்டிலிருந்து வந்தது என்று அறிந்து, 1945இல் அங்கே போய்த் தோண்டினார். இத்தாலியில் செய்த, முத்திரையிட்ட சிவப்பு ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்ததால், அதே அடுக்கில் கிடந்த உள்ளூர் ஓடுகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. உட்புறத்தில் பற்சக்கரம் உருட்டியது போன்ற புள்ளி வரிசைகள் கொண்ட ஓட்டுவகை அவற்றுள் ஒன்று. அதே வகை கடலுக்கு இக்கரையில் மாந்தையிலும் கிடைத்திருக்கிறது.

கென்யன் 1950களில் எரிகோவைத் தோண்டியபோது, இலண்டனில் ஓவியக் கல்லூரிப் படிப்பை முடித்த ஜோன் கார்ஸ்வெல் என்ற இளைஞர் அவரிடம் படம் வரைபவராகச் சேர்ந்தார். உடைந்த ஓட்டின் பக்கவாட்டு வளைவை அளந்து, முழுப் பானையின் வடிவத்தைத் தாளில் மீட்பது அவர் வேலை. அவருக்கு அது பிற்காலத்தில் பெரிய சொத்தாயிற்று. பெய்ரூட்டில் ஓவியக்கலை கற்பித்து, சிக்காகோவில் அருங்காட்சியகக் காப்பாளராகி, சீனப் பீங்கான்கள் கடல்வழியே எங்கெங்கு போயின என்று தேடிய கார்ஸ்வெல், கடைசியில் வந்து சேர்ந்த இடம் நம் மாந்தை. 1980 முதல் 1984 வரை, இலங்கைத் தொல்பொருட் திணைக்களத்தோடு சேர்ந்து நடந்த அகழ்வாய்வு அவருடையதே. வெருலேமியத்தில் ஒரு மாணவி கற்றதை எரிகோவில் ஓர் ஓவியர் கற்று மாதோட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். நான் பார்த்த அந்தப் பொடி எழுத்து இலக்கம் அப்படி வந்தது.

நிற்க. மாந்தையை முதலில் தோண்டியவர் கார்ஸ்வெல் அல்லர். 1887இல் போக் என்ற ஆங்கில அதிகாரியும், 1920களில் ஹோகார்ட்டும், 1950 வாக்கில் சண்முகநாதனும் தோண்டியிருக்கிறார்கள். ஆனால் மண்ணை அடுக்கடுக்காகப் படித்தது 1980களில்தான்.

1984இல் போர் வலுத்தது. வேலை பாதியில் நின்றது. அதன்பின் அந்த வட்டாரம் பட்டதை மன்னார்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோயிலே பல ஆண்டுகள் அடியார்கள் போக முடியாத இடமாகக் கிடந்தது. ஆய்வின் முழு அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இல். அதாவது ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து. களத்தில் நின்றவர்கள் சிலர் அதற்குள் மறைந்துவிட்டார்கள். இருந்தும் நூல் வந்தது என்றால், களத்தில் அன்றன்று எழுதப்பட்ட குறிப்பேடுகளும், வரையப்பட்ட படங்களும், ஓடுகளின் இலக்கங்களும் அந்நியர் ஒருவருக்கும் விளங்கும்படி இருந்தன என்பதுதான் காரணம். அந்தக் குழிகளை மறுபடி தோண்ட எவராலும் முடியாது. அகழ்வாய்வு என்பது ஒருமுறை மட்டுமே படிக்கக்கூடிய ஏடு. படிக்கப் படிக்க அது கிழிந்துபோகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009-10இல் மாந்தையில் மீண்டும் சிறிய அளவில் தோண்டினார்கள். இம்முறை மண்ணையே எடுத்து நீரில் கரைத்தார்கள். கருகிய தானியமும் விதையும் மேலே மிதக்க, அவற்றை நுண்ணிய வலையில் வடித்து எடுத்தார்கள். பார்ப்பதற்கு அரிசி களைவது போன்ற வேலை. நாள் முழுதும் முதுகு வலிக்கச் செய்ய வேண்டியது. அதில் கிடைத்தவை பெரும்பாலும் நெல். கூடவே கோதுமையும், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிளகும், 10-11ஆம் நூற்றாண்டு மட்டத்தில் ஒரே ஒரு கிராம்பும் இருந்தன. அந்நாளில் கிராம்பு விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே. 2018இல் 'ஆண்டிக்விட்டி' ஆய்விதழில் இக்கட்டுரை வெளியானபோது அந்த ஒற்றைக் கிராம்பு உலகச் செய்தியாயிற்று. 1980களில் தங்கத்தைத் தேடிப்போன நான் அந்தச் செய்தியைத் தேநீர் குடித்துக்கொண்டே படித்தேன்.

மண்ணைப் படிப்பது பழம்பெருமைக்கு மட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். 2013 டிசம்பரில் இதே திருக்கேதீஸ்வரத்தில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டத் தோண்ட, 80க்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. பழைய இடுகாடு என்று ஒரு சாரார் கூறினர். அப்படி ஓர் இடுகாடு அங்கே இருந்ததே இல்லை என்று மற்றொரு சாரார் மறுத்தனர். குழி எந்த மட்டத்திலிருந்து வெட்டப்பட்டது, உடல்கள் ஒரே நேரத்தில் இடப்பட்டனவா, உடன் கிடந்த பொருள் எது என்பவற்றுக்கு, வெருலேமியத்தில் கற்பித்த அதே முறையில், அடுக்கைக் குறித்து வைத்தவன் மட்டுமே விடை சொல்ல முடியும். காணாமற்போன பிள்ளையின் படத்தை நெஞ்சில் அணைத்தபடி நிற்கும் ஒரு தாய்க்கு, ஒழுங்காக எழுதப்படாத ஒரு சீட்டு என்னென்ன செய்துவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் பிள்ளைகள் இந்த வேலைக்கு வராமலில்லை. 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு தோண்டியபோது எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்று கிடைத்ததை வாசகர்கள் அறிவார்கள். மாந்தைக்கு அருகே கட்டுக்கரைக் குளத்தில் பேராசிரியர் புஷ்பரட்ணம் நடத்திய அகழ்வாய்வில் அதே பல்கலைக்கழக மாணவர்கள் வெயிலில் நின்று சுடுமண் உருவங்களை மண்ணோடு மண்ணாகப் போய்விடாமல் எடுத்தார்கள்.

மறுநாள் பேத்தியை நானே அழைத்தேன். "போய்க் கழுவு. கழுவும்போது ஆயிரம் ஓடு கையில் படும். எது கரகரப்பு, எது வழவழப்பு, எது உள்ளூர்க் களிமண், எது கடல்கடந்தது என்று விரல் தானாகவே கற்றுக்கொள்ளும். புத்தகத்தில் அது வராது. மூன்று வாரம் கழித்துக் குழியில் இறக்கும்போது, மண்ணின் நிறம் எங்கே மாறுகிறது என்று தெரியாவிட்டால் வாய்விட்டுக் கேள். தெரிந்ததுபோல் தலையாட்டாதே. ஒவ்வோர் இரவும் படுக்குமுன், அன்றைக்கு நீ கண்டதை உன்னை அறியாத ஒருவர் படிப்பதாக நினைத்து எழுதி வை" என்றேன்.

"ஓட்டில் இலக்கம் எழுத விடுவார்களா தாத்தா?" என்றாள்.

"எழுத்து அழகாயிருந்தால் விடுவார்கள்" என்றேன். இத்தனை வருடம் தட்டச்சிலேயே வளர்ந்த பிள்ளை. இப்போது தினமும் ஒரு பக்கம் பொடி எழுத்தில் எழுதிப் பழகுகிறாளாம்.