இரட்சணிய யாத்திரிகமும் பாவத்தின் விளைவும்

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவர், செய்தவனே பயனை நுகர வேண்டும் என்னும் வினைக்கொள்கையை நன்கறிந்தவர்.

மூலக்கதையில் பயணியின் பாவச்சுமை சிலுவையருகே கழன்று விழுகிறது. எனினும், பின்னர் எளிய பாதையை நாடி வழிவிலகியதால் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் சிறையில் அவன் துன்புறுகிறான். விவிலியத்தில் தாவீது மன்னிப்புப் பெற்ற பின்னும் அவன் இல்லத்தில் கொலையும் கலகமும் தொடர்கின்றன. குற்றம் மன்னிக்கப்படினும் செயலின் இயல்பான விளைவு தொடரும் என்பதே இவற்றின் உட்பொருள்.

இவ்விடத்தில் கிறித்தவம் வினைக்கொள்கையை நெருங்குகிறது. சுமையைப் பிறிதொருவர் ஏற்கலாம் என்னுமிடத்தில் பிரிகிறது. இரு மரபும் அறிந்த புலவர் அக்கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியமை குறிப்பிடத்தக்கது.