ட்ரூமன் கோட்பாடு

கம்யூனிசம் பரவுவதைத் தடுப்பதைத் தன் வெளியுறவுக் கொள்கையாக அமெரிக்கா வெளிப்படையாக ஏற்றுக்கொண்டதைக் குறிக்கும் அறிவிப்பு. அதிபர் ஹாரி எஸ். ட்ரூமன் 1947 மார்ச் 12 அன்று நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் இதை வெளியிட்டார்.

பின்னணி

கிரீசில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்கும் பிரிட்டன் ஆதரித்த அரசுக்கும் இடையே 1946இல் உள்நாட்டுப் போர் மூண்டது. கருங்கடலுக்கு வழியான நீரிணைகளின் பாதுகாப்பில் தனக்கும் பங்கு வேண்டும் எனச் சோவியத் ஒன்றியம் துருக்கியை நெருக்கியது. இரு நாடுகளையும் தாங்கிவந்த பிரிட்டன், போருக்குப் பின் கஜானா வறண்ட நிலையில், மார்ச் 31க்கு மேல் உதவ இயலாது என 1947 பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவுக்குத் தெரிவித்தது.

நாடாளுமன்ற ஒப்புதல்

அந்த உதவியை அமெரிக்கா ஏற்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. ஆனால், அரசுச் செலவைக் குறைக்க முனைந்த குடியரசுக் கட்சியின் கையில் அப்போது நாடாளுமன்றம் இருந்தது. பிப்ரவரி 27 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டத்தில், அயலுறவுத் துணைச் செயலர் டீன் ஆச்செசன் நாடாளுமன்றத் தலைவர்களிடம் வாதாடினார். பீப்பாயில் அழுகிய ஓர் ஆப்பிள் மற்றவற்றையும் கெடுப்பதுபோல, கிரீஸ் வீழ்ந்தால் ஈரான், ஆப்பிரிக்கா, இத்தாலி, பிரான்சுவரை கேடு பரவும் என்றார். அதிபர் இதே தொனியில் பேசினால் ஆதரவு தருவதாகச் செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்க் உறுதியளித்தார்.

ட்ரூமனின் உரை அந்தத் தொனியிலேயே அமைந்தது. சோவியத் ஒன்றியத்தின் பெயரைச் சொல்லாமலே, ஆயுதமேந்திய சிறுபான்மையாலோ வெளி நெருக்கடியாலோ அடிமைப்படுத்தப்படுவதை எதிர்க்கும் சுதந்திர மக்களுக்குத் துணைநிற்பதே அமெரிக்கக் கொள்கை என்றார். கேட்ட தொகை 40 கோடி டாலர். அதில் பெரும்பங்கு கிரீசுக்கு. செனட்டில் 67–23, பிரதிநிதிகள் அவையில் 287–107 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேறியது. மே 22 அன்று ட்ரூமன் கையொப்பமிட்டார்.

விளைவு

கிரேக்கப் படைக்கு அமெரிக்க ஆயுதங்கள் வந்தன. ஜெனரல் ஜேம்ஸ் வான் ஃபிளீட் தலைமையில் ஆலோசகர்களும் வந்தனர். எனினும் கிரேக்க அரசின் இறுதி வெற்றிக்கு அமெரிக்க உதவி மட்டுமே காரணமன்று. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு முதன்மை ஆதரவு தந்தவர் சோவியத் தலைவர் ஸ்டாலினல்லர், யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ. 1948இல் ஸ்டாலினும் டிட்டோவும் பிரிந்தபோது கிரேக்கக் கம்யூனிஸ்டுகள் ஸ்டாலின் பக்கம் சாய்ந்தார்கள். 1949 ஜூலையில் டிட்டோ எல்லையை மூடினார். ஆகஸ்டில் கிராமோஸ் மலைத்தொடரில் கெரில்லாக்கள் தோற்றனர். அக்டோபரில் போர் ஓய்ந்தது. 1952இல் கிரீசும் துருக்கியும் நேட்டோவில் சேர்ந்தன.

திறனாய்வு

சோவியத் விரிவாக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற கருத்தை வகுத்தளித்த அயலுறவு அதிகாரி ஜார்ஜ் கென்னனே இந்த உரையை ஏற்கவில்லை. கிரீசுக்கு உதவுவதை அவர் எதிர்க்கவில்லை. இரண்டு நாடுகளின் நெருக்கடிக்கு உலகம் முழுமைக்குமான வாக்குறுதி தரப்பட்டதையே குறை கூறினார். எங்கே தலையிடுவது, எங்கே விலகுவது என்று அமெரிக்காவே தேர்ந்தெடுக்கும் உரிமையை அது பறித்துவிடும் என எழுத்தாளர் வால்டர் லிப்மனும் கண்டித்தார். ஒரு நாடு விழுந்தால் அடுத்ததும் விழும் என்ற ஆச்செசனின் வாதம் பின்னர் வியட்நாமுக்கும் பொருத்தப்பட்டது. 1966இல் செனட் வெளியுறவுக் குழு முன் தோன்றிய கென்னன், வியட்நாம் போரை விரிவுபடுத்துவதற்கு எதிராகச் சாட்சியமளித்தார்.