ஒரகடமும் காற்றுப்பையும்

ஸ்ரீராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையில், ஏரித் தண்ணீரை நம்பிப் பயிரிட்டு வந்த கிராமங்களுள் ஒன்றான ஒரகடம் இன்று மோட்டார்த் தொழிலின் கேந்திரமாக விளங்குவதற்குப் பூர்வாங்கமாக அமைந்தது, 1998-ஆம் ஆண்டில் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஸ்தாபனம் சான்ட்ரோ காரை வெளியிட்டதேயாகும். அமெரிக்காவிலோ, அதே 1998-ஆம் ஆண்டு மாடல் முதல், ஒவ்வொரு காரிலும் முன்னிருக்கைகள் இரண்டுக்கும், மோதலின்போது விரிந்து காக்கும் காற்றுப்பை இருந்தே தீரவேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. நம் தேசத்தில் ஓட்டுநருக்கு மட்டுமாவது அத்தகைய சட்டம் பிறப்பதற்கு மேலும் 21 ஆண்டுகள் சென்றன.

அந்தச் சாதனத்தின் பூர்விகம் ஒரு தகப்பனாரின் பதைப்பில் இருக்கிறது. ஜான் ஹெட்ரிக் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1952-இல் மனைவியோடும் சிறு பெண்ணோடும் காரில் சென்றபோது, பாறையொன்றின்மேல் மோதாமலிருக்க வண்டியைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்க நேர்ந்தது. அந்தக் கணத்தில் பெற்றோர் இருவரும் தம்மையறியாமலே குழந்தைக்குக் குறுக்கே கையை நீட்டினர். அதே காரியத்தை யந்திரம் செய்யலாகாதா என்று சிந்தித்த அவர், மறு ஆண்டே அதற்குப் பேடன்ட் பெற்றார். ஆயினும் அவர் கருதிய அழுத்தக் காற்றுக்குப் போதிய வேகம் இல்லை. இப்போதைய முறையில், மோதிய மாத்திரத்தில் சென்சார் மின்துடிப்பொன்றை அனுப்ப, ஸ்டீயரிங்கின் நடுவே அடங்கியுள்ள திட ரசாயனம் பற்றி எரிந்து வாயுவாக மாறி, மடித்து வைத்த நைலான் பையை நிரப்புகிறது. இவ்வளவும் ஏறக்குறைய ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது கண் இமைத்து முடிவதற்குள், நிகழ்ந்தாக வேண்டும். தலை பையில் பதிந்ததும் வாயு பின்புறத் துவாரங்களின் வழியே வெளியேறுவதால், வேகம் சிறுகச் சிறுகத் தணிகிறது. சீட் பெல்ட் அணியாதவரோ பை விரிவதற்கு முன்பே முன்னால் பாய்ந்து, விரியும் பையாலேயே தாக்குண்ணும் அபாயம் உண்டு.

ஒரகடத்தில் 2010 மார்ச்சில் ரெனால்ட்–நிசான் ஆலை திறக்கப்பட்டது; அங்கிருந்து மைக்ரா கார்கள் ஐரோப்பாவுக்கு, அங்குள்ள சட்டங்கள் விதித்த சாதனங்களுடன் கப்பலேறின. அதே ஆலை நம் நாட்டு ஜனங்களுக்காகச் செய்த டாட்சன் கோ காரை, 2014 நவம்பரில் குளோபல் என்கேப் ஸ்தாபனம் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டுப் பரீட்சித்தபோது, பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும் கிட்டவில்லை. காற்றுப்பை இல்லாமை மட்டுமன்று குறை. காரின் கூடே மடங்கிப்போனமையால், பை வைத்திருந்தாலும் பிரயோஜனம் இராது என்று பரீட்சித்தவர்கள் எழுதினர்; அந்தக் காரை விற்பனையிலிருந்து விலக்கும்படி ஸ்தாபனத் தலைவர் மாக்ஸ் மோஸ்லி நிசான் தலைவர் கார்லோஸ் கோனுக்குக் கடிதமும் விடுத்தார். 2016-இல் இவ்வாலையின் க்விட் கார், காற்றுப்பை பொருத்திய நிலையிலும், முதற் பரீட்சையில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. பிரயாணி அமரும் அறை உருக்குலையாமல் நின்றால்தான், ஸ்டீயரிங் தன் இடத்திலேயே இருந்து, பை ஓட்டுநரின் மார்புக்கு நேராக விரியும். விலை மலிவு என்ற ஒரே காரணத்தால் இதைப் பொருட்படுத்தாமல் விட்டது பெரும் அநீதி என்பதே என் துணிபு.

சர்க்கார் பிறகு விழித்துக்கொண்டது. 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கும், 2021 ஏப்ரல் 1 முதல் புது மாடல்களில் அவர் அருகே அமர்பவருக்கும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. ஒரகடத்திலேயே மத்திய சர்க்காரின் மோட்டார் ஆராய்ச்சி நிலையம் மோதல் பரீட்சைக்கான கூடத்தோடு அமைந்திருக்கிறது. ரெனால்ட்–நிசான் ஆலையின் மேக்னைட், கைகர் கார்கள் 2022 பிப்ரவரியில் நான்கு நட்சத்திரங்கள் பெற்றன. பக்கவாட்டு மோதலிலும் பின்னிருக்கையில் இருப்போரையும் காக்கும் பொருட்டு ஆறு பைகள் வேண்டுமென்று 2022 ஜனவரியில் வெளியான வரைவு விதி ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு, அதைக் கட்டாயமாக்கப் போவதில்லை என்று 2023 செப்டம்பரில் அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்ததோடு நின்றுபோயிற்று.