இசைக் குறியீட்டு மென்பொருளுக்கான பொத்தான் பலகை

பொத்தான் பலகை என்பது கணினி விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் சிறு கருவி. அதிலுள்ள ஒவ்வொரு பொத்தானும் என்ன செய்ய வேண்டும் என்பதை வாங்கியவரே தீர்மானிக்கிறார். எல்கேட்டோ நிறுவனம் 2017இல் நேரலை ஒளிபரப்புவோருக்காக வெளியிட்ட ‘ஸ்ட்ரீம் டெக்’ இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. இன்று மேற்கத்திய ஐந்துகோட்டு முறையில் இசை எழுதுவோர், இசைக்குழுவுக்குப் பகுதிப் பிரதி தயாரிப்போர், பாடநூல் அச்சுக்கு இசையைப் பக்கமாக்குவோர் ஆகியோரின் மேசைகளிலும் அது இருக்கிறது. சிபேலியஸ், டோரிக்கோ, மியூஸ்ஸ்கோர் போன்ற மென்பொருள்களின் குறுக்குவிசைகளை இந்தப் பொத்தான்களில் ஏற்றி, நினைவில் நிற்காத கட்டளைகளைப் படம் பார்த்து அழுத்துவதே இதன் முதன்மைப் பயன்.

வேகம் கூடும் என்பதுதான் இக்கருவிகளுக்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம். அது பாதி உண்மை. ஒரு நாளில் பல நூறு முறை அழுத்தும் விசைகளை விரல்கள் ஏற்கெனவே அறிந்திருக்கும். அவற்றைப் பலகைக்கு மாற்றினால் கையைத் தூக்கி வேறிடம் கொண்டுபோக வேண்டியிருப்பதால் வேகம் குறையவே செய்யும். வாரத்துக்கு ஒருமுறை தேவைப்பட்டு, ஒவ்வொரு முறையும் பட்டியல்களில் தேடவைக்கும் கட்டளைகளுக்குத்தான் பொத்தான் உதவுகிறது.

விசைகளின் குழப்பம்

ஒரு சுரத்தை எழுத அதன் பெயர் மட்டும் போதாது. கால அளவு, ஸ்தாயி, ஷார்ப் அல்லது ஃபிளாட், புள்ளி, வளைகோடு, அழுத்தக்குறி என்று பலவற்றைச் சொல்லியாக வேண்டும். அதனால் இவ்வகை மென்பொருள்கள் தொடக்கம் முதலே விசைப்பலகையை வெகுவாக நம்பியிருந்தன. ஸ்டான்ஃபோர்டில் லேலண்ட் ஸ்மித் உருவாக்கிய ‘ஸ்கோர்’ மென்பொருளில் இசை முழுவதையும் எழுத்தும் எண்ணுமாகவே தட்டச்சு செய்தார்கள். இங்கிலாந்தின் இரட்டையர்களான பென் ஃபின், ஜோனதன் ஃபின் ஆகியோர் 1993இல் ஏகார்ன் கணினிக்காக வெளியிட்ட சிபேலியஸ், விசைப்பலகையின் வலது ஓரத்து எண்பகுதியைத் தன் மையமாக்கிக்கொண்டது. திரையின் மூலையில் அதே வடிவில் ஒரு ‘கீபேட்’ தெரியும். அதற்கு ஆறு அடுக்குகள் உண்டு. எஃப்7 முதல் எஃப்12 வரையுள்ள விசைகள் அவற்றை மாற்றும்.

மேசைக் கணினியில் நன்றாக இருந்த இந்த ஏற்பாடு மடிக்கணினியில் தடுமாறியது. பெரும்பாலான மடிக்கணினிகளில் எண்பகுதியே கிடையாது. மேல்வரிசையிலுள்ள எண்களை அழுத்தினால் சிபேலியஸ் அதை வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும்: தேர்ந்தெடுத்த சுரத்துக்கு மேலே அத்தனையாவது இடைவெளியில் இன்னொரு சுரத்தைச் சேர்த்துவிடும். இதற்கென மடிக்கணினிக்கான தனி விசைத்தொகுப்பு ஒன்றை மென்பொருளிலேயே தந்திருக்கிறார்கள் என்றாலும், எண்பகுதியில் பழகிய கை அதை எளிதில் ஏற்பதில்லை. ஆறு அடுக்குகளையும் எண்பகுதியையும் பொத்தான் பலகையில் ஏற்றிக்கொள்வது பலருக்கு முதல் காரணமாக அமைந்தது இதனால்தான்.

மென்பொருள் மாறும்போது குழப்பம் இன்னும் கூடும். ட்ரினிட்டி இசைத் தேர்வு எழுதிய தமிழ் மாணவர்கள் குரோச்செட் என்று அறிந்த ஒரே சுரத்துக்கு, சிபேலியஸில் 4, மியூஸ்ஸ்கோரிலும் இன்னொரு மென்பொருளான ஃபினாலேயிலும் 5, டோரிக்கோவில் 6 என்பது இயல்பான விசை. சுரத்தின் தண்டை அல்லது வளைகோட்டை மறுபக்கம் திருப்ப சிபேலியஸிலும் மியூஸ்ஸ்கோரிலும் எக்ஸ், டோரிக்கோவில் எஃப். 2012இல் ஆவிட் நிறுவனம் சிபேலியஸின் லண்டன் அலுவலகத்தை மூட, அங்கிருந்த குழுவினரில் பலரை ஸ்டெயின்பெர்க் அமர்த்திக்கொண்டது. அவர்கள் 2016இல் கொண்டுவந்ததே டோரிக்கோ. ஒரே கைகள் செய்த இரு மென்பொருள்களிலும் விசைகள் இப்படி விலகி நிற்பது வேடிக்கைதான்.

1988இல் தொடங்கிய ஃபினாலேயை இனி மேம்படுத்தப்போவதில்லை என்று அதன் நிறுவனமான மேக்மியூசிக் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. முப்பது ஆண்டு விரல் பழக்கத்தோடு ஒரு பெருங்கூட்டம் டோரிக்கோவுக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று. இத்தகையோருக்குப் பொத்தான் பலகை ஒரு மொழிபெயர்ப்பாளர். குரோச்செட் படம் போட்ட ஒரே பொத்தான், முன்னால் திறந்திருக்கும் மென்பொருளைப் பார்த்து 4, 5, 6 ஆகியவற்றில் உரியதை அனுப்பும்.

கருவிகள்

ஸ்ட்ரீம் டெக்கின் மூல வடிவில் ஐந்து பத்திகளில் 15 பொத்தான்கள். மினியில் 6, எக்ஸ்எல்லில் 32. ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் குட்டித் திரை இருப்பதால் படம் மாறிக்கொண்டே இருக்கலாம். 2022இல் வந்த ‘ஸ்ட்ரீம் டெக் பிளஸ்’ வகையில் எட்டுப் பொத்தான்களோடு நான்கு திருகு குமிழ்களும் உண்டு. பக்கத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்குவது போன்ற தொடர் அசைவுகளுக்குக் குமிழ் பொருந்தும். மூன்று மிதிகட்டைகள் கொண்ட வடிவமும் கிடைக்கிறது. இரு கைகளும் மிடி பியானோவின் மேல் இருக்கும்போது, ஓய்வுக்குறியையோ இசைத்துக் காட்டும் கட்டளையையோ காலால் கொடுக்கலாம்.

விசைகளுக்குள் திரை வைப்பது எல்கேட்டோவின் கண்டுபிடிப்பு அன்று. மாஸ்கோவின் ஆர்ட் லெபடெவ் வடிவமைப்பகம் 113 சிறுதிரைகள் கொண்ட ‘ஆப்டிமஸ் மேக்சிமஸ்’ விசைப்பலகையை 2008இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை சாதாரண இசைக்கலைஞர் நினைத்துப் பார்க்கக்கூடியதாக இருக்கவில்லை. திரையில்லாத வகையில், அமெரிக்காவின் மிச்சிகனில் உருவாகும் ‘எக்ஸ்-கீஸ்’ பலகைகள் ஒளிபரப்பு நிலையங்களிலும் இசை எழுதுவோரிடமும் நெடுநாளாகப் புழங்குகின்றன. இவற்றில் காகிதத் துண்டில் எழுதிப் பொத்தானின் மூடிக்குள் செருகிவிட வேண்டியதுதான்.

வாங்குமுன் அறிய வேண்டிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரீம் டெக் தானாக ஒரு விசையையும் அனுப்புவதில்லை. கணினியில் ஓடும் அதன் துணைநிரல்தான் விசை அழுத்தியதுபோல் இயக்க முறைமையிடம் சொல்கிறது. நிரல் ஓடாவிட்டால் பலகை வெறும் படம். கியூஎம்கே என்ற திறமூல நிலைநிரலில் இயங்கும் சிறு விசைத்தட்டுகள் இதற்கு மாறானவை. கட்டளை முழுவதும் தட்டுக்குள்ளேயே பதிந்திருப்பதால், நிறுவன விதிகளால் புது மென்பொருள் நிறுவ முடியாத கல்லூரிக் கணினியில்கூட யூஎஸ்பி கம்பியைச் செருகியதும் அது ஒரு சாதாரண விசைப்பலகையாக வேலை செய்யும்.

அமைக்கும் முறை

முதல் வேலை மென்பொருளுக்குள் நடக்கிறது. மூன்று மென்பொருள்களும் தங்கள் குறுக்குவிசைகளை மாற்றிக்கொள்ள விருப்பத்தேர்வுகளில் ஒரு பக்கம் வைத்திருக்கின்றன. எந்தக் கட்டளைக்கு விசையே இல்லையோ அதற்கு அங்கே புதிதாக ஒன்று கொடுத்துவிட்டுப் பிறகு அதைப் பொத்தானில் ஏற்ற வேண்டும். விசைப்பலகையில் காலி இடம் தேடி மூன்று விரல் கூட்டுகளை உருவாக்குவதைவிட எஃப்13 முதல் எஃப்24 வரையுள்ள விசைகளைப் பயன்படுத்துவது மேல். யூஎஸ்பி தரத்தில் அவற்றுக்கு இடம் உண்டு, ஆனால் இன்றைய விசைப்பலகைகள் பெரும்பாலானவற்றில் அவை இல்லை. எனவே வேறெதனுடனும் மோதுவது அரிது. மேக் கணினியில் இந்த வரிசை முழுதாகக் கிடைக்காது. சிபேலியஸின் எண்பகுதி விசைகளை ஏற்றும்போது, எண்பகுதி உள்ள விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கியாவது அந்த 4ஐயே அழுத்திப் பதிவு செய்ய வேண்டும். மேல்வரிசை 4 பதிவானால் குரோச்செட்டுக்குப் பதிலாக நாலாம் இடைவெளிச் சுரம் வந்து நிற்கும்.

அடுத்தது ‘புரொஃபைல்’. ஒரு மென்பொருளுக்கு ஒரு புரொஃபைல் என்று கட்டிவைத்தால், அந்தச் சாளரம் முன்னுக்கு வரும்போது பொத்தான்கள் தாமாக மாறிக்கொள்ளும். ஒரு புரொஃபைலுக்குள் பல பக்கங்களும் கோப்புறைகளும் வைக்கலாம். 15 பொத்தான் பலகையில் ஒவ்வொரு கோப்புறையும் திரும்பிச் செல்ல ஒரு பொத்தானை விழுங்கிவிடும் என்பதால், கோப்புறைக்குள் கோப்புறை வைப்பவர்கள் சீக்கிரமே தங்கள் கட்டளைகளைத் தாங்களே தேட வேண்டி வரும். ஒரே ஒரு படி உள்ளே போவதோடு நிறுத்துவது நல்லது.

பொத்தான்களைப் பட்டியல் வரிசையில் அடுக்குவது எல்லோரும் முதலில் செய்வது. மென்பொருளின் மெனுவைப் படியெடுத்தால், அந்த மெனுவில் தேடிய சிரமமும் கூடவே வந்துவிடும். வேலை நடக்கும் ஒழுங்கில் பக்கங்களைப் பிரிப்பதே பயன் தருகிறது. சுரம் எழுதும் கட்டத்தில் தேவைப்படுவன ஒரு பக்கம்: மும்மைச் சுரக்கூட்டு, அலங்காரச் சுரம், குரல் மாற்றுதல். செப்பனிடும் கட்டத்தில் ஓசை அளவுக் குறிகள், வில்வீச்சுக் குறிகள், ஒத்திகை எழுத்துகள். பக்கமாக்கும் கட்டத்தில் வரிமுறிவு, பக்கமுறிவு, தனிக்கருவிப் பிரதிகளுக்குத் தாவுதல். இசைத்துக்காட்டு, பின்செல், சேமி போன்ற பொதுவானவை எல்லாப் பக்கங்களிலும் ஒரே மூலையில் இருந்தால் கண் பார்க்காமலே கை போகும்.

தானே கட்ட நேரமில்லாதவர்களுக்கு ஆயத்தத் தொகுப்புகளும் உண்டு. நியூயார்க்கில் இசைப் பிரதி தயாரிக்கும் பிலிப் ராத்மன் உருவாக்கிய ‘நொட்டேஷன் எக்ஸ்பிரஸ்’ சிபேலியஸுக்கும் டோரிக்கோவுக்குமாக நூற்றுக்கணக்கான கட்டளைகளைப் படத்தோடு அடுக்கித் தருகிறது. தொடங்க நல்லது. ஆனால் அது இன்னொருவர் வேலை செய்யும் ஒழுங்கு. சில வாரங்களில் அதிலிருந்து தொடாதவற்றை நீக்குவதுதான் உண்மையான தனிப்பயனாக்கம்.

தொடர் கட்டளைகள்

ஒரு பொத்தானில் பல விசைகளை வரிசையாக ஏற்றுவது ‘மல்டி ஆக்‌ஷன்’ எனப்படும். டோரிக்கோ இதற்கு மிகவும் இடம் தருகிறது. ஷிஃப்டோடு டி அழுத்தினால் ஓசை அளவுக்கான சிறுபெட்டி திறக்கும், டி-க்குப் பதில் எம் என்றால் தாள அளவு, கே என்றால் சுருதிக்குறி, சி என்றால் கிளெஃப். பெட்டியில் எழுத்தைத் தட்டி என்டர் கொடுத்தால் குறி வந்துவிடும். ஆகவே ‘மெட்ஸோ ஃபோர்ட்டே’ பொத்தானுக்கு மூன்றே படிகள்: பெட்டியைத் திற, இரண்டு எழுத்து, என்டர். சிபேலியஸில் இதையே கண்ட்ரோலோடு ஈ அழுத்தித் தொடங்கி, கண்ட்ரோலை விடாமல் எழுத்துகளைத் தட்ட வேண்டும். அப்போதுதான் அவை சாதாரண எழுத்தாக விழாமல் தடித்த இசையெழுத்தாக வரும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. பெரிய இசைக்குழுக் கோப்பு திறந்திருக்கும்போது பெட்டி திறக்கச் சற்றுத் தாமதமாகலாம். பலகை அதற்குள் எழுத்துகளை அனுப்பிவிட்டால், சுரம் எழுதும் நிலையில் உள்ள டோரிக்கோ எஃப் என்ற எழுத்தை எஃப் சுரமாகவே எழுதிவைக்கும். ஓசைக்குறி கேட்டவருக்குத் தேவையில்லாத ஒரு சுரம் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் கண்ணில் படாத இடத்தில். படிகளுக்கிடையே சில நூறு மில்லிநொடி இடைவெளி வைத்தால் இது தீரும். பின்செல் பொத்தானைப் பக்கத்திலேயே வைப்பது இன்னொரு பாதுகாப்பு. விசைத் தொடரை நம்பாத வழிகளும் இருக்கின்றன: சிபேலியஸின் மேனுஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய செருகுநிரலுக்கு ஒரு விசை கொடுத்து அதைப் பொத்தானில் ஏற்றலாம். டோரிக்கோவின் விசைப் பக்கத்தில் மிடிக் கருவியின் பொத்தானையே நேராகப் பழக்கலாம்.

படங்கள்

மூல ஸ்ட்ரீம் டெக்கின் ஒரு பொத்தான் 72×72 படப்புள்ளிகள், எக்ஸ்எல்லில் 96×96. ஐந்து கோடுகளோடு ஒரு சுரத்தை அதில் வரைந்தால் எல்லாம் கரும்பட்டையாகிவிடும். கோடுகளை விட்டுவிட்டுக் குறியை மட்டும் பெரிதாக, கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகப் போடுவதே எடுபடும். இதற்குத் தனியாக வரையத் தேவையில்லை. டேனியல் ஸ்ப்ரெட்பரி வடிவமைத்து ஸ்டெயின்பெர்க் 2013இல் வெளியிட்ட ‘பிராவூரா’ எழுத்துரு திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. ஸ்முஃபல் என்ற பொதுத் தரத்தின்படி இசைக்குறிகள் ஒவ்வொன்றுக்கும் அதில் நிலையான இடம் உண்டு. மியூஸ்ஸ்கோரின் எழுத்துருவுக்கு ‘லேலண்ட்’ என்று பெயர், மேலே சொன்ன லேலண்ட் ஸ்மித்தின் நினைவாக. வரிமுறிவு, குரல் மாற்றம் போன்ற உருவமற்ற கட்டளைகளுக்குப் படம் தேடித் திண்டாடுவதைவிட இரண்டு சொல்லில் எழுதிவிடலாம். கட்டத்துக்கு ஒரு பின்னணி நிறம் கொடுத்தால் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பது எழுத்தைப் படிக்காமலே தெரியும்.

பராமரிப்பு

புரொஃபைலைக் கோப்பாக ஏற்றுமதி செய்து வைக்கலாம். விண்டோஸில் கட்டியதை அப்படியே மேக்குக்குக் கொண்டுபோனால் கண்ட்ரோல், கமாண்ட் வேறுபாட்டால் பாதிப் பொத்தான்கள் தவறும். மென்பொருளின் புதுப் பதிப்பு இயல்பு விசைகளை மாற்றும்போதும் இதே நிலைதான். தாமே ஒதுக்கிய எஃப்13 வகை விசைகளை நம்பியவர்கள், மென்பொருளின் விசைத்தொகுப்பையும் புரொஃபைல் கோப்போடு சேர்த்து எடுத்துவைக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் மிஞ்சினால் பொத்தான் அழுத்துவது எங்கும் போய்ச் சேராது.