எல்லை கடந்த அட்டை: கையடக்க விளையாட்டுக் கருவியும் மெமரி கார்டும் குறித்து

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே ஏறும் மலைச்சாலை, லோயர் கேம்ப்பைத் தாண்டி, வளைவுகள் பலவற்றைக் கடந்து, குமுளியில் கேரளத்துக்குள் நுழைகிறது. 1956-ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்பில் பீருமேடு, தேவிகுளம் வட்டங்கள் கேரளத்தில் சேர்க்கப்பட்டன. ஆயினும் அவ்வட்டங்களின் ஏல, தேயிலைத் தோட்டங்களில் உழைப்போரில் பெரும்பகுதியினர் தமிழராகவே தொடர்ந்தனர். இன்றும் கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் விடியலில் ஜீப்பேறி ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். இச்சாலை வழியே ஏலக்காயும் காய்கறியும் மனிதரும் கடந்ததற்குச் சோதனைச் சாவடிகளின் பதிவேடுகள் சான்றாக உள்ளன. எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாமல் கடந்த பொருள் ஒன்றும் உண்டு. 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட மைக்ரோ எஸ்டி அட்டையே அது. மக்கள் வழக்கில் அதன் பெயர் மெமரி கார்டு.

கையடக்க விளையாட்டுக் கருவிகளில் இவ்வட்டையின் வரலாறு பெரும்பாலும் கொள்ளளவின் வளர்ச்சியாகவே சொல்லப்படுகிறது. கிலோபைட் மெகாபைட் ஆனது, மெகாபைட் ஜிகாபைட் ஆனது என்ற ஏறுமுகக் கதை அது. எல்லைப்புறத்தில் நின்று நோக்கினால் வேறொரு கேள்வி முன்னிற்கிறது. அட்டை எவ்வளவு கொள்ளும் என்பதை விட, அது யார் கையிலிருந்து யார் கைக்குச் செல்ல முடியும் என்பதே அக்கேள்வி.

அட்டை பிறந்த விதம்

மின்சாரம் நின்ற பின்னும் தரவைத் தக்கவைக்கும் ஃபிளாஷ் நினைவகத்தைத் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோக்கா 1984-இல் அறிமுகப்படுத்தினார். அதன் நாண்ட் வடிவம் 1987-இல் வெளிப்பட்டது. 1988-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சான்டிஸ்க் நிறுவனத்தின் மூன்று நிறுவனர்களுள் ஒருவர் கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா. சான்டிஸ்க்கும் சீமென்ஸும் 1997-இல் மல்டிமீடியா கார்டை வெளியிட்டன. 1999-இல் சான்டிஸ்க், மட்சுஷிட்டா, தோஷிபா ஆகிய மூன்றும் இணைந்து எஸ்டி அட்டையை அறிவித்தன. கைபேசிக்கென 2004-இல் டிரான்ஸ்ஃபிளாஷ் என்ற பெயரில் வந்த மிகச்சிறு அட்டையே 2005-இல் மைக்ரோ எஸ்டி எனப் பெயர் பெற்றுப் பொதுத்தரமாயிற்று.

விளையாட்டுக் கருவிகளில் அட்டையின் முதற்பணி இன்று நாம் கருதுவது போன்றதன்று. 1989-இல் வந்த கேம் பாயில் விளையாட்டு முழுவதும் கேட்ரிட்ஜுக்குள் இருந்தது. ஆடியவரின் முன்னேற்றத்தைச் சேமிக்கப் பல கேட்ரிட்ஜுகளில் சிறு பேட்டரி பொருத்தப்பட்டது. 1994-இல் சோனி வெளியிட்ட பிளேஸ்டேஷன் வீட்டுக் கருவியின் மெமரி கார்டு வெறும் 128 கிலோபைட் கொண்டது. அதில் விளையாட்டு இல்லை. ஆடியவரின் முன்னேற்றம் மட்டுமே இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நண்பர் வீட்டுக்குச் சென்று, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கருவி யாருடையதாயினும் நினைவு ஆடியவருடையது. நோக்கியா 2003-இல் வெளியிட்ட என்-கேஜ் கைபேசியில் விளையாட்டே மல்டிமீடியா கார்டில் வைத்து விற்கப்பட்டது.

சோனியின் இரு பாடங்கள்

2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷன் போர்ட்டபிள், அதாவது பிஎஸ்பி, 1.8 ஜிகாபைட் வரை கொள்ளும் யுஎம்டி வட்டுகளில் விளையாட்டை ஏற்றது. ஆடியவரின் சேமிப்புக்குக் கருவிக்குள் இடமில்லை. அதற்குச் சோனியின் தனியுரிமை வடிவமான மெமரி ஸ்டிக் டுவோ தேவைப்பட்டது. தொடக்கத் தொகுப்பு ஒன்றில் 32 மெகாபைட் அட்டை உடன் தரப்பட்டது. பயனர்கள் விரைவில் அட்டைக்கு வேறொரு பயனைக் கண்டனர். வட்டிலுள்ள விளையாட்டை நகலெடுத்து அட்டையில் வைத்தால், சுழலும் வட்டு செலவழிக்கும் பேட்டரி மிஞ்சியது; காத்திருக்கும் நேரமும் குறைந்தது. முறையாக வாங்கிய வட்டை நகலெடுத்தோரும், வாங்காமலே நகல் பெற்றோரும் இவ்வழியைப் பின்பற்றினர். மெமரி ஸ்டிக் விலை மிகுந்திருந்ததால், மைக்ரோ எஸ்டி அட்டையை உள்ளே செருகி மெமரி ஸ்டிக்காகப் பயன்படுத்தும் மலிவான அடாப்டர்கள் சந்தைக்கு வந்தன. 2010 ஜனவரியில் சோனியே எஸ்டி அட்டைகளையும் தயாரிக்க முன்வந்தது.

அப்பாடம் நீடிக்கவில்லை. 2011 டிசம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் வீட்டாவுக்கு மீண்டும் தனி வடிவ அட்டை ஒன்று வகுக்கப்பட்டது. அமெரிக்காவில் கருவியின் தொடக்க விலை 249.99 டாலர், 32 ஜிகாபைட் அட்டையின் விலை 99.99 டாலர். கருவியின் விலையில் ஐந்தில் இரு பங்கை அதன் நினைவுக்குத் தனியாகச் செலுத்த வேண்டியிருந்தது. அட்டையும் ஒரு பயனர் கணக்கோடு பிணைக்கப்பட்டது. 1994-இன் அட்டைக்கிருந்த கைமாறும் தன்மை இங்கே முடிவுக்கு வந்தது எனலாம்.

மலைநாட்டின் கையடக்கக் கருவி

ஏலத்தோட்டக் கூலியில் வாழும் குடும்பத்துக்குப் பிஎஸ்பியும் வீட்டாவும் எட்டாத பொருள்கள். அங்கே கையடக்க விளையாட்டுக் கருவி என்றால் அது கைபேசியே. நோக்கியாவின் திருப்பெரும்புதூர் ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. தமிழகத்தில் மெமரி கார்டு செழித்த காலமும் ஏறத்தாழ அதுவே.

அக்காலக் கைபேசிகளின் விளையாட்டுகள் பெரும்பாலும் ஜாவா விளையாட்டுகள். தொடக்கக்கால நோக்கியா சீரிஸ் 40 கருவிகள் 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட விளையாட்டை ஏற்கவில்லை. பின்னர் வந்தவை சில நூறு கிலோபைட் அளவின. சராசரியாக 300 கிலோபைட் எனக் கொண்டால், 1 ஜிகாபைட் அட்டையில் ஏறத்தாழ 3,500 விளையாட்டுகள் அடங்கும். ஓர் ஆயுளில் ஆடித் தீராத இத்தொகையைக் கடைக்காரர் சில நிமிடங்களில் ஏற்றித் தந்துவிட முடிந்தது. பெரிய ஒலிபெருக்கியுடன் மலிவாக வந்த சீனக் கைபேசிகள் பலவற்றில், பழைய நின்டெண்டோ கருவியாக இயங்கும் எமுலேட்டர் மென்பொருளும் இருந்தது. 1985-இல் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டின் முழு அளவு 40 கிலோபைட். கால் நூற்றாண்டுக்கு முந்தைய ஜப்பானிய விளையாட்டு, சீனக் கைபேசியில், தமிழ்ப் பாட்டுகளோடு ஒரே அட்டையில் குடியிருந்தது. ஐஎம்இஐ எண்ணற்ற கைபேசிகளின் இணைப்பை 2009-இன் இறுதியில் இந்திய அரசு துண்டித்தது. அழைப்பு நின்றதேயன்றி, அட்டையிலிருந்த பாட்டும் விளையாட்டும் நிற்கவில்லை.

இணையத்தில் நேரடியாகப் பெறாமல் அட்டையை நாடியது ஏன் என்ற கேள்விக்குக் குமுளி தெளிவான விடை தருகிறது. தொலைத்தொடர்புத் துறையின் பகுப்பில் தமிழ்நாடும் கேரளமும் வெவ்வேறு வட்டங்கள். தமிழ்நாட்டு சிம் கார்டு குமுளியில் சில அடிகள் நடந்தாலே ரோமிங்கில் சென்றுவிடும்; நடக்காமலே அடுத்த மாநிலக் கோபுரத்தின் அலையைப் பற்றிக்கொள்வதும் உண்டு. அன்று 10 கிலோபைட்டுக்கு 10 காசு என்ற தரவுக் கட்டணம் பரவலாக இருந்தது. அக்கணக்கில் 300 கிலோபைட் விளையாட்டுக்கு 3 ரூபாய். 5 மெகாபைட் பாட்டுக்கு 51 ரூபாய். மலைச்சரிவில் அலைவரிசை கிட்டுவதும் உறுதியில்லை. அட்டைக்கோ கோபுரம் வேண்டாம், ரோமிங் இல்லை. கம்பத்தில் ஏற்றிய அட்டை வண்டிப்பெரியாற்றிலும் அப்படியே பாடியது, ஆடியது. சமவெளியில் நிரப்பி மலைக்கு எடுத்துச் செல்லும் தண்ணீர்க் குடம் போலவே அது பயன்பட்டது.

இப்பழக்கம் குமுளிக்கு மட்டும் உரியதன்று. தாமஸ் ஸ்மித், சதீஷ் குமார், இந்திராணி மேதி, கென்டாரோ டோயாமா ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய நகரங்களின் எளிய மக்கள் சிக்கலான கைபேசி இடைமுகங்களையும் பொழுதுபோக்கின் மீதுள்ள விருப்பத்தால் கற்றுக்கொண்டு, கோப்புகளைப் பகிர்ந்த விதத்தை விளக்கியது. மேவாத் பகுதியில் மைக்ரோ எஸ்டி வழியே வட்டாரக் காணொளிகள் சுற்றிய முறையை ராகுல் முகர்ஜியும் அபிக்யான் சிங்கும் ஆராய்ந்துள்ளனர். தமிழக, கேரள எல்லைக்கு இதற்கு நிகரான ஆய்வு தேவைப்படுகிறது.

சட்டத்தின் இரு சொற்கள்

கடைக்காரர் அட்டையில் ஏற்றித் தந்தவற்றில் பெரும்பகுதி உரிமையாளரின் இசைவு பெறாதவை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றம். எல்லையின் இரு பக்கமும் இதற்கு மேலும் கடுமையான தடுப்புக்காவல் சட்டங்கள் இருந்தன. அவற்றின் சொல்லாட்சி வரலாற்று மாணவருக்குப் பயனுள்ளது. பொதுவழக்கில் குண்டர் சட்டம் எனப்படும் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2004-இல் வீடியோ திருடர் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. திருட்டு விசிடி சந்தையைக் கருதி எழுந்த சொல் அது. கேரளம் 2007-இல் இயற்றிய சமூக விரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமோ, எண்மத் தரவையும் பதிப்புரிமையையும் திருடுவோர் எனக் குறிப்பிட்டது. மூன்றாண்டு இடைவெளியில் சட்டத்தின் பார்வை வட்டிலிருந்து தரவுக்கு நகர்ந்துள்ளது. சாலையோரத்தில் வட்டு விற்பவரை அடையாளம் காண்பது எளிது. விரல்நகம் அளவுள்ள அட்டையில் நகல் ஏற்றுபவரைக் காண்பது அரிது.

இருப்பினும் ஏற்றியவர்களை வெறும் திருடர் என்று கடந்துவிடுவது போதாது. மலைத் தோட்டங்களில் வாழ்ந்தோருக்கு அப்பாட்டையும் விளையாட்டையும் முறையாக விற்கும் கடை அருகில் இல்லை; இணையத்தில் வாங்கத் தேவையான வங்கி அட்டையும் பலரிடம் இல்லை. விற்பனை எட்டாத இடத்தைக் கைபேசிக் கடை நிரப்பியது. படைப்பாளியின் இழப்பும் அங்கே உண்மை. எளியவரின் தேவையும் உண்மை.

பிணைக்கப்பட்ட நினைவு

2016 செப்டம்பரில் ஜியோ சேவை ரோமிங் கட்டணமின்றி வந்தது. 2017-இல் பிற நிறுவனங்களும் அவ்வழிக்கு வந்தன. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி நடைமுறையாகி, மாநில எல்லைகளின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகன்றன. ஓராண்டுக்குள் குமுளியின் எல்லை, சரக்குக்கும் அலைக்கும் ஒருசேர மெலிந்தது. பாட்டு ஏற்றித் தரும் கடைகளின் தொழிலும் அதனோடு தேய்ந்தது.

அதே காலத்தில் புதிய எல்லை ஒன்று அட்டைக்குள் எழுந்தது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0, அட்டையைக் கைபேசியின் உள் நினைவகமாகவே ஏற்றுக்கொள்ளும் வசதியைத் தந்தது. அவ்வாறு ஏற்கப்பட்ட அட்டை மறையாக்கம் பெறுவதால் வேறு கைபேசி அதைப் படிக்க இயலாது. 2017 மார்ச்சில் வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச், 32 ஜிகாபைட் உள் நினைவகத்துடன் மைக்ரோ எஸ்டியை ஏற்றது. ஆனால் ஒரு கருவியில் பதிவிறக்கிய விளையாட்டை அட்டையோடு மற்றொரு கருவிக்கு மாற்ற முடியாது. ஆடியவரின் முன்னேற்றமோ அட்டைக்குச் செல்வதே இல்லை; கருவிக்குள்ளேயே தங்குகிறது. 1994-இன் அட்டை ஆடியவரின் நினைவை மட்டும் சுமந்தது. 2017-இன் அட்டை அதைத் தவிர மற்றதைச் சுமக்கிறது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, விளையாட்டுகளுக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் அட்டையை மட்டுமே ஏற்கிறது. கொள்ளளவு ஆயிரம் ஆயிரமாகப் பெருகியது. கைமாறும் உரிமை குறைந்தது.

எஞ்சியுள்ள கடமை

ஃபிளாஷ் நினைவகம் தரவை மின்னேற்றமாகத் தேக்குகிறது. அம்மின்னேற்றம் மெல்லக் கசியும். மின்சாரம் காணாமல் கிடக்கும் அட்டை தரவைக் காக்கும் காலம் ஏறத்தாழ 10 ஆண்டுகள் என உற்பத்தியாளர் வழக்கமாகக் கூறுவர். 2008 முதல் 2015 வரை நிரப்பப்பட்ட அட்டைகளில் பல அவ்வெல்லையைத் தாண்டிவிட்டன. போலி அட்டைகளின் நிலை இன்னும் மோசம். 2 ஜிகாபைட் சில்லுக்கு 32 என்று பொய் சொல்லக் கற்றுத்தந்து விற்கப்பட்ட அவை, உண்மை அளவு நிரம்பியபின் எழுதியவற்றைத் தொடக்கத்திலேயே இழந்தன. அதிகாரபூர்வ வழியும் அடைபட்டு வருகிறது: நின்டெண்டோ 3டிஎஸ் இணையக் கடை 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்தியது.

திரையரங்க வாசலில் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களை ஒருகாலத்தில் யாரும் ஆவணமாகக் கருதவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற சேகரிப்பாளர் அவற்றைப் பேணியதால், அவை இன்று சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகத்தில் ஆய்வாளருக்குக் கிடைக்கின்றன. தாள் ஒரு நூற்றாண்டு காத்திருந்தது, அட்டை காத்திருக்காது. எந்தப் பாட்டின் பக்கத்தில் எந்த விளையாட்டு இருந்தது, கோப்புறைகளுக்குக் கடைக்காரர் என்ன பெயரிட்டார், தமிழும் மலையாளமும் எவ்வாறு கலந்து கிடந்தன என்பனவற்றை வேறெந்த ஆவணமும் சொல்லாது. எல்லைப்புறத் தோட்டத் தொழிலாளரின் பொழுதுபோக்கு வரலாற்றை எழுத விரும்பும் மாணவர், நேர்காணலுக்குச் செல்லும்போது பழைய கைபேசி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இருந்தால், உரியவரின் இசைவோடு, அட்டையின் உள்ளடக்கத்தை அதன் வரிசை கலையாமல் நகலெடுத்து வைக்க வேண்டும். ஆய்வுக் கேள்விகளைப் பின்னர் வகுத்துக்கொள்ளலாம். கசிந்துபோன மின்னேற்றத்தை மீட்க இயலாது.